குக்கரில் தண்ணீர் வற்றிய பிறகு

நீங்கள் எழுதியதை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்கிறேன். அறுபத்தெட்டு வயதான உங்கள் அம்மா காலையில் கொண்டைக்கடலையைக் குக்கரில் வைத்துவிட்டுத் துணி உலர்த்த மாடிக்குப் போயிருக்கிறார். அங்கே பக்கத்து வீட்டு அம்மாளோடு பேச்சு நீண்டு, இறங்கி வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. வந்து பார்த்தபோது சமையலறை முழுவதும் புகை, கடலை கரிக்கட்டை, மூடியிலிருந்த சேஃப்டி வால்வு உருகியிருந்தது. பதற்றத்தில் குக்கரைத் தூக்கித் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்ததில் ஆவி அடித்து முன்கையில் கொப்புளம். அந்தக் குக்கரைத் துலக்கி மீண்டும் பயன்படுத்தலாமா, அந்தப் புகையைச் சுவாசித்ததால் தீங்கு உண்டா, அது வெடித்திருக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். இந்த மூன்றுக்கும் அடியில், அன்று வீடு தீப்பிடிப்பதற்கு எவ்வளவு அருகில் போனது, இனி அம்மாவை அடுப்படியில் தனியாக விடலாமா என்ற கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. ஆகவே அதையும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

தீயணைப்புப் பணியில் இருபத்தேழு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன் நான். அதன் பிறகு பள்ளிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளிலும் சமையலறைப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்து வருகிறேன். தீ எப்படிப் பிறக்கிறது, எப்படிப் பரவுகிறது, எதைச் செய்தால் அடங்கும் என்பவற்றை உறுதியோடு சொல்வேன். உலோகங்களைப் பற்றிச் சொல்வது பயிற்சி வகுப்புகளிலும் எரிந்துபோன பாத்திரங்களைக் கையில் எடுத்துப் பார்த்ததிலும் கற்றது. உடல்நிலை பற்றி முதலுதவி அளவுக்குத்தான் பேசுவேன்; அதற்கு மேல் மருத்துவர் சொல்வதே சரி.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான ஒன்றை முதலில் விளக்குகிறேன். அடுப்பில் இருக்கும் பாத்திரத்தைக் காப்பது அதற்குள் இருக்கும் தண்ணீர். எரிவாயுச் சுடரின் வெப்பம் 1,900 டிகிரி செல்சியஸுக்கும் மேல். ஆனால் உள்ளே தண்ணீர் இருக்கும் வரை திறந்த பாத்திரத்தின் அடி 100 டிகிரியை ஒட்டியே நிற்கும், ஏனென்றால் ஏறுகிற வெப்பத்தையெல்லாம் தண்ணீர் ஆவியாகி வெளியே கொண்டுபோய்விடுகிறது. குக்கரில் அழுத்தம் கூடுவதால் அது 120 டிகிரி அளவில் நிற்கும். ரசம் வைக்கும் ஈயச் சொம்பை நம் பாட்டிமார்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். புளித்தண்ணீரை ஊற்றிய பிறகே அதை அடுப்பில் ஏற்றுவார்கள், வெறும் சொம்பை ஒருபோதும் ஏற்ற மாட்டார்கள். அந்தச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது, அது உருகும் வெப்பம் 232 டிகிரிதான். சுடருக்கும் சொம்புக்கும் நடுவே தண்ணீர் நின்று காப்பதால்தான் அதில் ரசம் கொதிக்கிறது. வற்றினால் சில நிமிடங்களில் சொம்பின் அடி ஒழுகிவிடும்.

தண்ணீர் தீர்ந்த பிறகு காலம் ஓடும் வேகமே மாறிவிடுகிறது என்பதைத்தான் பெரும்பாலோர் உணர்வதில்லை. ஒரு சிறு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். பாத்திரத்துக்குள் நிமிடத்துக்கு 60 கிலோஜூல் வெப்பம் ஏறுவதாக வைத்துக்கொண்டால், கொதிநிலையில் உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் முழுவதும் ஆவியாக ஏறத்தாழ 38 நிமிடங்கள் ஆகும். அதே வெப்பம் ஒன்றரைக் கிலோ அலுமினியத்தை 100 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு ஏற்ற ஏழு நிமிடங்கள் போதும். காற்றில் போகும் இழப்பைச் சேர்த்தாலும் அது பத்து, பன்னிரண்டு நிமிடங்களுக்குள் முடிகிற வேலை. ‘அரை மணி நேரம் ஒன்றும் ஆகவில்லையே, இன்னும் ஐந்து நிமிடம் கழித்துப் பார்க்கலாம்’ என்ற எண்ணம் தவறாகப் போவது இதனால்தான். முதல் அரை மணி நேரம் தண்ணீர் நமக்காகப் பொறுத்துக்கொள்கிறது, கடைசிப் பத்து நிமிடத்தில் பொறுக்க ஆளில்லை. உங்கள் வீட்டில் அது எத்தனை நிமிடம் வறண்டு இருந்தது என்பது ஊற்றிய தண்ணீரின் அளவையும் சுடரின் பெருக்கத்தையும் பொறுத்தது. இருந்தாலும் வால்வு உருகியது, கடலை கரியானது, புகை அறையை நிறைத்தது ஆகிய மூன்றையும் வைத்துப் பார்த்தால் அது சில நிமிடங்களில் முடிந்த கதையாகத் தெரியவில்லை.

இங்கே ஓர் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன், அம்மாவிடமும் சொல்லுங்கள். விசில் அடித்துக்கொண்டிருந்த குக்கர், அடுப்பு எரிந்துகொண்டிருக்கும்போதே சத்தமில்லாமல் போய்விட்டால் அதுதான் அபாய அறிகுறி. ஆவியாக உள்ளே தண்ணீர் இல்லை, அல்லது ஆவி போகும் குழாய் அடைத்துக்கொண்டிருக்கிறது. இரண்டில் எதுவானாலும் உடனே அடுப்பை அணைக்க வேண்டும். நாம் விசில் சத்தத்துக்குப் பழகியவர்கள், அது நின்றதைக் காது கவனிப்பதில்லை. விசில் கேட்காததால்தான் மாடியில் இருந்த அம்மாவுக்கும் நினைவு வரவில்லை என்று நினைக்கிறேன்.

வெடித்திருக்குமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஆவிக்குழாய் திறந்திருந்து, சேஃப்டி வால்வும் ஒழுங்காக இருந்தால், தண்ணீர் வற்றியதால் மட்டும் குக்கர் வெடிப்பதில்லை. வெடிப்பதற்கு உள்ளே அழுத்தம் வேண்டும், அந்த அழுத்தத்தைக் கொடுப்பது நீராவி, அது ஏற்கெனவே வெயிட் வழியாக வெளியேறிவிட்டது. சேஃப்டி வால்வுக்குள் சமையல் வெப்பத்தைவிடச் சற்று மேலே போனால் உருகும்படியான கலப்பு உலோகம் ஒன்று வைக்கப்பட்டிருக்கும்; அது உருகி வழிவிடுவதே அதன் வேலை. உங்கள் வீட்டு வால்வு கெட்டுப்போகவில்லை, செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது. மூடி பறந்து மேற்கூரையில் அடித்த வீடுகளுக்கு நான் போயிருக்கிறேன். அங்கெல்லாம் பார்த்தது வேறு: பருப்புத் தோலோ, பொங்கிய நுரையோ, கீரையோ ஆவிக்குழாயை அடைத்திருக்கும், அதோடு, பழைய வால்வு உருகியபோது அந்த இடத்தில் கடைத்தெருவில் கிடைத்த ஏதோ ஒன்றையோ, ஓரிடத்தில் வெறும் திருகாணியையோ மாட்டியிருப்பார்கள். இரண்டு வழிகளும் அடைபட்ட குக்கர் முழுத் தண்ணீரோடு இருக்கும்போதே வெடிக்கும், அதற்கு யாரும் மறந்துபோக வேண்டியதில்லை. ஆகையால் ஒவ்வொரு முறையும் வெயிட்டைப் போடுவதற்கு முன் குழாயை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துத் துளை தெரிகிறதா என்று பார்க்கும் பழக்கத்தைக் கைவிடாதீர்கள்.

வெடிப்பைவிட நான் கவலைப்படுவது தீயைப் பற்றி. கொண்டைக்கடலையும் தண்ணீரும் இருந்த பாத்திரம் என்பதால் நீங்கள் பிழைத்தீர்கள் என்று சொல்வது மிகையல்ல; அதே ஒரு மணி நேரம், அல்லது அதில் கால் பங்கு நேரம், அடுப்பில் எண்ணெய் வாணலி இருந்திருந்தால் முடிவு வேறாகியிருக்கும். எண்ணெய்க்குத் தண்ணீரைப் போல 100 டிகிரியில் நிற்கும் குணம் இல்லை. வடையும் அப்பளமும் பொரிப்பது 170 முதல் 190 டிகிரிக்குள். அதைத் தாண்டி ஏறினால் எண்ணெய் புகைய ஆரம்பிக்கும். செக்கு நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் சீக்கிரமே புகையும், சுத்திகரித்த கடலெண்ணெய் 230 டிகிரி அளவில் புகையும். கண்ணையும் மூக்கையும் எரிக்கிற அந்தப் புகை கடைசி எச்சரிக்கை. ஏறத்தாழ 350 டிகிரியைத் தாண்டி ஓரிடத்தில் எண்ணெய் தானாகவே பற்றிக்கொள்ளும், தீக்குச்சியோ பொறியோ தேவையில்லை. பல முறை பொரித்த பழைய எண்ணெய் இன்னும் முன்னதாகவே பற்றும். பெரிய பர்னரில் முழுச் சுடரில் வைத்த வாணலி அந்த நிலைக்குப் போகக் கால் மணி நேரம்கூடத் தேவைப்படாது. வெண்ணெய் உருக்குவதும் இப்படித்தான்: மோர்த்தண்ணீர் வற்றும் வரை படபடவென்று சத்தம் போட்டுக்கொண்டு 100 டிகிரியில் நிற்கும், சத்தம் அடங்கியதும் அது வெறும் நெய், அங்கிருந்து வெப்பம் மடமடவென்று ஏறும். முருங்கையிலை போடும் நேரம் அதுதான், அடுப்பை விட்டு நகரக்கூடாத நேரமும் அதுதான்.

எண்ணெய் பற்றிக்கொண்டால் மனிதர்கள் இயல்பாகச் செய்கிற இரண்டு செயல்கள்தான் உயிரை எடுக்கின்றன. அவை தண்ணீர் ஊற்றுவதும் வாணலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவதும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானது, ஊற்றிய நொடியில் அடிக்குப் போய் ஆவியாகும். ஒரு பங்கு தண்ணீர் 1,700 பங்கு ஆவியாக விரிவதால் எரிகிற எண்ணெயைத் துளித்துளியாக மேலே தூக்கி எறியும், அந்தத் துளிகள் எல்லாம் ஒரே சமயத்தில் எரிந்து கூரை வரை ஒரு தீப்பந்து எழும். பயிற்சிகளில் ஒரு கிண்ணம் எண்ணெயில் ஒரு டம்ளர் தண்ணீரை நீண்ட கம்பியில் கட்டி ஊற்றிக் காட்டுவோம். பார்த்தவர்கள் யாரும் பிறகு அந்தத் தவற்றைச் செய்வதில்லை. தூக்கிக்கொண்டு ஓடினால், நடக்கிற காற்றில் சுடர் நம் முகத்தை நோக்கி வளையும், கை சுட்டதும் பாத்திரத்தைப் போட்டுவிடுவோம், தரையெல்லாம் எரியும் எண்ணெய் பரவும். செய்ய வேண்டியது வேறு: கை எட்டினால் அடுப்பை அணைப்பது, வாணலியைவிடப் பெரிய மூடியையோ தாம்பாளத்தையோ பக்கவாட்டிலிருந்து தள்ளினாற்போல் மேலே கொண்டுவந்து மூடுவது, மூடியதைக் குறைந்தது அரை மணி நேரம் திறக்காமல் இருப்பது. தீ அணைந்ததா என்று பார்க்க ஐந்து நிமிடத்தில் மூடியைத் தூக்கினால் காற்று பட்டு மீண்டும் பற்றும். மாவை அள்ளிப் போடாதீர்கள், மாவு எரியும். சொட்டச் சொட்ட நனைத்த துணியையும் போடாதீர்கள், அதில் சொட்டுவதும் தண்ணீர்தான். மூடி கைக்கு எட்டவில்லை, அல்லது தீ மேலே இருக்கும் அலமாரிக்கோ சிம்னிக்கோ ஏறிவிட்டது என்றால் போராட வேண்டாம். எல்லோரையும் வெளியேற்றி, கதவைச் சாத்திக்கொண்டு 101-ஐ அழையுங்கள்.

எண்ணெய் இல்லாத பாத்திரத்திலிருந்து வீடு எரியவே எரியாதா என்றால், அப்படியும் சொல்ல முடியாது. கரிந்த உணவே தணலாகி எரியலாம். மெல்லிய அலுமினியப் பாத்திரம் 660 டிகிரியில் உருகி, பர்னர்மீதும் மேடைமீதும் சொட்டியதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். ஆனால் என் அனுபவத்தில் பெரும்பாலும் பற்றியது பாத்திரத்தைச் சுற்றி இருந்தவைதான்: கைப்பிடி, அடுப்பை ஒட்டி வைத்த எண்ணெய்ப் பாட்டில், பிடிதுணி, சுவர்க் காலண்டர், ஆண்டுக்கணக்கில் பிசுக்கு ஏறிய எக்ஸாஸ்ட் ஃபேன். அடுப்பைச் சுற்றி ஒரு கை நீளத்துக்கு எரியக்கூடியது எதுவும் இல்லாத வீட்டில், மறந்த பாத்திரம் கரியோடும் புகையோடும் முடிந்துபோவதைத்தான் அதிகம் கண்டிருக்கிறேன். உங்கள் சமையலறையும் அப்படி ஒழுங்காக இருந்திருக்க வேண்டும். அதற்கான பெருமை உங்கள் அம்மாவுக்கே சேரும்.

இதற்கு நேர்மாறான ஆபத்தும் ஒன்று உண்டு. பால், கஞ்சி, பருப்புத் தண்ணீர் போன்றவை பொங்கி வழிந்து சுடரை அணைத்துவிட்டு, எரிவாயு மட்டும் வந்துகொண்டே இருக்கும். நம் வீடுகளில் இருக்கும் அடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்குச் சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்தும் அமைப்பு இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிட ஒன்றரை மடங்கு முதல் இரண்டு மடங்கு வரை கனமானது என்பதால் மேலே எழாமல் தரையோடு பரவி, மூலைகளிலும் அலமாரி அடியிலும் தேங்கும். காற்றில் நூற்றுக்கு இரண்டு பங்கு அளவுக்குச் சேர்ந்தாலே பற்றும் நிலை வந்துவிடும். நாற்றத்துக்காகவே அதில் எத்தில் மெர்காப்டன் கலக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் அந்த நாற்றம் வந்தால் விளக்கையோ ஃபேனையோ போடவும் கூடாது, எரிந்துகொண்டிருப்பதை அணைக்கவும் கூடாது. சுவிட்சில் எழும் சிறு பொறியே போதும். கதவு ஜன்னல்களைத் திறந்து, அடுப்புக் குமிழையும் ரெகுலேட்டரையும் மூடிவிட்டு, வெளியே வந்து 1906-ஐ அழைக்க வேண்டும். அலைபேசியையும் வெளியே வந்த பிறகே எடுங்கள்.

புகைக்கு வருவோம். கடலை கரிந்த புகையும் காஸ்கெட் ரப்பர் எரிந்த புகையும் கண்ணையும் தொண்டையையும் உறுத்தும். ஜன்னலைத் திறந்து, சில நிமிடங்களுக்குள் வெளிக்காற்றுக்கு வந்துவிட்ட ஆரோக்கியமானவர்களுக்கு அந்த உறுத்தல் அன்றே அடங்கிவிடுவது வழக்கம். ஆனால் ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள், குழந்தைகள் விஷயம் வேறு. மூச்சுத் திணறல், தொடர்ந்த இருமல், தலைவலியோடு குமட்டல், குழப்பமான பேச்சு இவற்றில் ஏதாவது இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனென்றால் மூடிய அறையில் எதுவும் கருகும்போது மணமில்லாத கார்பன் மோனாக்சைடும் உண்டாகிறது. நான்கு நாட்களாக அம்மாவுக்கு இருமல் எதுவும் இல்லை என்று நீங்கள் எழுதியிருப்பது ஆறுதலான செய்தி.

நான்ஸ்டிக் தோசைக்கல்லும் இப்படித்தான் ஆபத்தா என்று போகிற போக்கில் கேட்டிருந்தீர்கள். அதற்குத் தனியாகப் பதில் சொல்ல வேண்டும். டெஃப்லான் என்று நாம் சொல்லும் பூச்சைச் சமையலுக்குரிய வெப்பத்தில் பயன்படுத்துவதில் இந்த ஆபத்து இல்லை. 260 டிகிரிக்கு மேல் போகக்கூடாது என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் எல்லை. வெறும் கல்லாக முழுச் சுடரில் விட்டால் சில நிமிடங்களிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடும். 350 டிகிரியைக் கடந்தால் பூச்சு சிதைந்து நச்சுப் புகை வெளிவரும், அதைச் சுவாசித்தவர்களுக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர் காய்ச்சல், உடல்வலி, நெஞ்சு இறுக்கம் வரலாம். சாதாரண ஃப்ளூ போலவே இருந்து ஓரிரு நாளில் தணிவதால் பலர் காரணத்தையே அறிவதில்லை. கூண்டில் பறவை வளர்ப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். பறவைகளின் நுரையீரல் காற்றை மிகத் திறமையாக உறிஞ்சுவதால், மனிதருக்குத் தொண்டை மட்டும் கரகரக்கிற அளவுப் புகையிலேயே கிளியும் லவ் பேர்ட்ஸும் சில நிமிடங்களில் செத்துவிடும். ஒரு வீட்டில் ‘புகையே பெரிதாக இல்லையே, ஏன் ஆறு பறவையும் ஒன்றாகச் செத்தது’ என்று கேட்டார்கள். மேடையில் பூச்சு வெளுத்த தவா ஒன்று இருந்தது. பூச்சு உரிந்த, நிறம் மாறிய நான்ஸ்டிக் பாத்திரத்தைத் தயங்காமல் போட்டுவிடுங்கள்.

இனி உங்கள் குக்கர். வால்வையும் காஸ்கெட்டையும் மட்டும் மாற்றினால் போதும் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது சில நேரம் உண்மை, உங்கள் விஷயத்தில் எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. அலுமினியத் தகட்டை அழுத்தி இழுத்துப் பாத்திரமாக்கும்போது அந்த உலோகத்துக்கு ஒரு விறைப்பு வருகிறது, அந்த விறைப்புதான் அழுத்தத்தைத் தாங்குகிறது. 350, 400 டிகிரிக்குச் சூடேறி ஆறினால் அது மிருதுவாகிவிடும். உருவம் மாறாமலேயே மிருதுவாகியிருக்கலாம், கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் இதில் சிக்கல். கண்ணுக்குத் தெரிகிற அடையாளங்கள் சில உண்டு. குக்கரைக் கண்ணாடி மேசை போன்ற சமதளத்தில் வைத்து ஓரத்தை விரலால் அழுத்திப் பாருங்கள். ஆடினால் அடி புடைத்திருக்கிறது. மூடி முன்போல வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கைப்பிடி பொரிந்தோ ஆட்டம் கண்டோ இருக்கக் கூடாது. இவற்றில் ஒன்று சரியில்லை என்றாலும் அதை எடைக்குப் போட்டுவிடுங்கள். எல்லாம் சரியாக இருந்தாலும், வறண்ட நிலையில் நெடுநேரம் நின்றதோடு சுடச்சுடத் தண்ணீரிலும் பட்ட அலுமினியக் குக்கரை என் வீட்டில் நான் மறுபடி அழுத்தத்தில் வைக்க மாட்டேன். வெயிட் இல்லாமல், காஸ்கெட் இல்லாமல், சாதாரணப் பாத்திரமாகத் தண்ணீர் காய்ச்சப் பயன்படுத்துவதில் தவறில்லை. புதிது வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். 2021 முதல் வீட்டுக் குக்கர்களுக்கு அது கட்டாயம். மாற்று வால்வும் காஸ்கெட்டும் அந்தந்தக் கம்பெனியுடையதாகவே இருக்கட்டும்.

மற்றப் பாத்திரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எவர்சில்வரில் வரும் நீலமும் மஞ்சளுமான நிறம் மேல்தோலில் ஏற்பட்ட மாற்றம் மட்டுமே, தீங்கில்லை. ஆனால் அடியில் அலுமினியத் தகடு வைத்து ஒட்டிய கனமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஓரமாக வெள்ளியைப் போல ஏதாவது பிதுங்கியிருந்தால், உள்ளே அலுமினியம் உருகியிருக்கிறது, அதைத் தூக்கி எறிய வேண்டும். ஈயம் பூசிய பித்தளைப் பாத்திரத்தில் பூச்சு திரண்டு குமிழாகியிருந்தால் மீண்டும் ஈயம் பூசாமல் அதில் புளி சேர்த்துச் சமைக்கக் கூடாது. இரும்புத் தோசைக்கல்லுக்கு ஒன்றும் ஆகாது. எண்ணெய் தடவிப் பழக்கினால் திரும்ப வந்துவிடும். வார்ப்பிரும்பும் மண்சட்டியும் சூட்டில் தண்ணீர் பட்டால் விரிசல் விடும்.

அம்மாவின் கையில் பட்டது எல்லா வீடுகளிலும் நடக்கிற தவறு என்பதால் அதைக் குறித்தும் எழுதுகிறேன். வறண்டு சுட்ட பாத்திரத்தைக் கண்டால் அடுப்பை அணைப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நகர்த்தவும் கூடாது, திறக்கவும் கூடாது, தண்ணீர் காட்டவும் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, முக்கால் மணி நேரம் அது இருந்த இடத்திலேயே ஆறட்டும். பாத்திரம் எப்படியும் கெட்டுவிட்டது, அவசரப்பட்டால் கெடப்போவது கைதான். ஆவியோ சூடோ பட்ட கையை உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டுவதே முதலுதவி. பற்பசை, பேனா மை, மாவு, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காதீர்கள். சிவப்பு சுற்றிலும் பரவினாலோ, நீர் கோத்தாலோ, அம்மாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தாலோ, மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கடைசியாக, நீங்கள் எழுதாமல் விட்ட கேள்வி. ஒருமுறை குக்கரை மறந்ததை வைத்து அம்மாவை அடுப்படியிலிருந்து விலக்காதீர்கள் என்பது என் தாழ்மையான வேண்டுகோள். நான் போன இத்தகைய வீடுகளில் மறந்தவர்கள் முதியவர்கள் மட்டும் அல்ல. குழந்தையின் பால் பாட்டிலைக் கொதிக்க வைத்துவிட்டுத் தூங்கிப்போன இளம் தாய்மார்கள், குளிக்க வெந்நீர் வைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பிப் போன இளைஞர்கள், அலைபேசியில் பேச ஆரம்பித்தவர்கள் என்று எல்லா வயதினரும் இருந்தார்கள். மறந்துபோனவை பெரும்பாலும் கிளறவோ தாளிக்கவோ வேண்டாத, தானாக வேகிற பொருள்கள். கை வேலை இல்லாததால்தான் மனம் அதை விட்டு அகல்கிறது. அதே சமயம், கடந்த சில மாதங்களில் இது அடிக்கடி நடக்கிறது, அல்லது வைத்ததையே அம்மா மறுக்கிறார், தெரிந்த சமையலில் வரிசை தடுமாறுகிறது என்றால், அது மருத்துவர் பார்க்க வேண்டிய விஷயம். அதைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கும் இல்லை, ஒரு சம்பவத்தை வைத்து உங்களுக்கும் இல்லை.

கருவிகளை வாங்க மனம் இருந்தால், சுடர் அணைந்ததும் வாயுவை நிறுத்தும் அடுப்பும், குறித்த நேரத்தில் வாயுவை நிறுத்தும் டைமரும் கிடைக்கின்றன. ஜப்பானில் 2008 அக்டோபர் முதல் வீட்டு எரிவாயு அடுப்புகளில் எண்ணெய் அளவுமீறிச் சூடேறினால் தானே அணையும் உணரியைச் சட்டம் கட்டாயமாக்கியது; நம் ஊர் அடுப்புகளிலும் அது வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. வாயுக் கசிவுக் கருவி வாங்கினால் தரையிலிருந்து ஒரு அடி உயரத்துக்குள் மாட்டுங்கள், மேலே மாட்டினால் பயன் குறைவு. புகை உணரியைச் சமையலறைக்கு வெளியே கூரையில் மாட்ட வேண்டும், உள்ளே மாட்டினால் தாளிக்கும்போதெல்லாம் அலறி, கடைசியில் யாராவது பாட்டரியைக் கழற்றிவிடுவார்கள். இண்டக்‌ஷன் அடுப்பு தானே நிற்கும் என்பது பெரும்பாலும் சரி. ஆனால் அதன் உணரி கண்ணாடியின் சூட்டைத்தான் அளக்கிறது, வெறும் பாத்திரமோ கொஞ்சம் எண்ணெயோ அதற்கு முன்பே காய்ந்துவிடும். அதை நம்பியும் நகர வேண்டாம்.

பணம் செலவில்லாத வழி ஒன்றையும் சொல்கிறேன். அடுப்பு எரியும்போது சமையலறையை விட்டு எதற்காகப் போனாலும் அடுப்பு லைட்டரைக் கையோடு எடுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்; மாடிக்குப் போகும்போது இடுப்பில் செருகிக்கொள்ளட்டும். துணி உலர்த்த நிமிர்ந்தாலும் குனிந்தாலும் அது இடுப்பில் இடிக்கும்.